டெல்டாவிலிருந்து டெல்லிக்கு: எந்த மனு எந்த அமைச்சருக்கு?

சில வருடங்களுக்கு முன் சம்பாவுக்கு மேலுரம் போடும் நேரத்தில் எங்கள் பக்கம் யூரியா கிடைக்கவில்லை. நீடாமங்கலத்தில் உரக்கடை வாசலில் ஆதார் அட்டையோடு வரிசை நின்றது. விவசாயிகள் சங்கத்தில் மனு எழுதுவது என் பொறுப்பு. உரம் என்றால் விவசாயம், விவசாயம் என்றால் வேளாண் அமைச்சர் என்று கணக்குப் போட்டேன். நான்கு பக்கம் எழுதி, ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கி, பதிவுத் தபாலில் டெல்லிக்கு அனுப்பினேன். 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதற்குள் பயிர் பொதி கட்டிவிட்டது.

தவறு என்னுடையது. ரசாயனம் மற்றும் உரங்கள் அமைச்சகத்தில் உரத் துறை என்று தனியாக ஒன்று இருக்கிறது. யூரியாவைத் தருவித்து மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்புவதும், 45 கிலோ மூட்டை நம் கைக்கு 266 ரூபாய் 50 காசுக்கு வரும்படி மானியம் கொடுப்பதும் அந்தத் துறைதான். வேளாண் அமைச்சரின் மேசைக்கு அந்தக் கோப்பே வராது. இது தெரியாமல் நான் எழுதிய நான்கு பக்கமும் வீண்.

அன்றிலிருந்து மனு எழுத உட்காரும் முன் எந்த அமைச்சகம் என்று தேடிவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன். சங்கத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டெல்லியா, சென்னையா?

எந்த அமைச்சர் என்று கேட்பதற்கு முன் எந்த அரசு என்று கேளுங்கள். மத்திய அரசு என்றாலும் ஒன்றிய அரசு என்றாலும் ஒன்றுதான். செய்தித்தாளுக்கு ஒரு சொல்லாக எழுதுகிறார்கள், குழம்ப வேண்டாம்.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. ரயில், பாதுகாப்பு, வெளியுறவு, பெட்ரோலியம் ஆகியவை மத்தியப் பட்டியல். வேளாண்மை, போலீஸ், நிலம், பாசனம் ஆகியவை மாநிலப் பட்டியல். கல்வி, மின்சாரம், காடு ஆகியவை பொதுப் பட்டியல். இருவரும் சட்டம் இயற்றலாம். வாய்க்கால் தூர் வாரவில்லை, மதகுப் பலகை உடைந்துவிட்டது, கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று டெல்லிக்கு எழுதிப் பயனில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பதா வேண்டாமா என்பதும் மாநில அரசின் முடிவு. ஆனால் மேட்டூருக்கு மேலே, கர்நாடகத்திலிருந்து பிலிகுண்டுலுவுக்கு எவ்வளவு தண்ணீர் வந்து சேர வேண்டும் என்பது டெல்லி விஷயம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று சொன்னது. அதை நடைமுறைப்படுத்தும் காவிரி மேலாண்மை ஆணையம் அதே ஆண்டு ஜூனில் அமைந்தது. இன்று அது ஜல்சக்தி அமைச்சகத்தின் கீழ் வருகிறது.

எல்லை விஷயத்தில் ஒரு வேடிக்கை. பேரளத்திலிருந்து கிழக்கே போனால் சிறிது நேரத்தில் காரைக்கால் வந்துவிடும். அதே மண், அதே ஆற்றுத் தண்ணீர், அதே நெல். ஆனால் அது புதுச்சேரி என்ற ஒன்றியப் பிரதேசத்தின் துண்டு. ஒன்றியப் பிரதேசங்கள் பற்றிய விவகாரம் டெல்லியில் உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பு. வரப்பு தாண்டினால் அமைச்சர் மாறிவிடுகிறார்.

பெயர்ச்சொல்லை விடுங்கள், வினைச்சொல்லைப் பிடியுங்கள்

நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. எந்தப் பொருளைப் பற்றிய மனு என்று பார்த்தால் தப்பான கதவைத் தட்டுவீர்கள். அந்தப் பொருளை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். விளைவிப்பதா, விலை வைப்பதா, வாங்குவதா, அரைப்பதா, ஏற்றுமதி செய்வதா? வினைச்சொல் மாறினால் அமைச்சகம் மாறும்.

நெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தை மாதம், அறுவடை நேரம், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் களம். அம்பாரமாகக் குவித்த நெல்லின் மேல் தார்ப்பாய் மூடியிருக்கிறது. நேற்று இரவு பெய்த மழை தார்ப்பாயின் பள்ளத்தில் தேங்கி நிற்கிறது. பணியாளர் தார்ப்பாயை விலக்கி, குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி ஈரப்பதமானியில் போடுகிறார். எண் 19.4 என்று நிற்கிறது. "17-க்கு மேல் எடுக்க முடியாது அம்மா, காய வைத்துக் கொண்டுவாருங்கள்" என்கிறார். "வெயில் எங்கே தம்பி இருக்கிறது?" என்று அந்த அம்மா வானத்தைப் பார்க்கிறார்.

அந்த ஒரு குவியலுக்குப் பின்னால் எத்தனை அமைச்சகம் நிற்கிறது தெரியுமா? அந்த நிலையத்தை நடத்துவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். மாநில அரசு நிறுவனம். சாக்கு இல்லை, எடை குறைகிறது, லாரி வரவில்லை என்றால் மாநில உணவுத் துறைக்கும் ஆட்சியருக்கும் எழுதுங்கள். ஆனால் 2002 அக்டோபரிலிருந்து நடக்கும் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில், அந்தக் கழகம் வாங்குவது மத்தியத் தொகுப்புக்காக, அதாவது மத்திய அரசின் உணவு தானியக் கையிருப்புக்காக. ஆகவே 17 சதவீதம் என்ற எண்ணைத் தளர்த்த மாநில அமைச்சரால் முடியாது. மத்திய நுகர்வோர் விவகாரம், உணவு மற்றும் பொது விநியோக அமைச்சகத்தின் உணவுத் துறை தளர்த்த வேண்டும். மாநில அரசு கடிதம் எழுதும். அங்கிருந்து ஒரு குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். பிறகு உத்தரவு வரும். 2023 பிப்ரவரியில் பருவம் தவறிய மழைக்குப் பிறகு 20 சதவீதம் வரை தளர்த்தினார்கள். அந்தக் கடிதப் போக்குவரத்துக்கு நாள் பிடிக்கும். நெல் அதற்குள் முளைத்துவிடும் என்பது நம் கவலை. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில், தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்ததே தஞ்சாவூரில்தான். அதற்குப் பிறகும் ஈரம் பற்றிய முடிவு டெல்லியிலிருந்து வர வேண்டியிருக்கிறது.

இனி விலை. 2025-26 பருவத்தில் பொது ரகத்துக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் ஆதரவு விலை வைத்தது, சன்ன ரகத்துக்கு 2,389. அதன் மேல் மாநில அரசு 131 ரூபாயும் 156 ரூபாயும் ஊக்கத்தொகை சேர்த்து 2,500, 2,545 ஆக்கியது. விலை போதவில்லை என்று மனு எழுதுகிறவர் எந்தத் தொகையைச் சொல்கிறார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 131 ரூபாயைக் கூட்டச் சொன்னால் சென்னை. 2,369-ஐக் கூட்டச் சொன்னால் டெல்லி. டெல்லியிலும் உணவுத் துறைக்கு அல்ல: வேளாண் அமைச்சகத்தின் கீழ் உள்ள வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் பரிந்துரைக்கும், பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு முடிவெடுக்கும்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பயிர்க் காப்பீடும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரும் பிஎம் கிசானும் வேளாண் அமைச்சகம். நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்காகத் தஞ்சாவூரில் இருக்கும் மத்திய நிறுவனம் உணவுப் பதப்படுத்தும் தொழில்கள் அமைச்சகத்தைச் சேர்ந்தது. அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தால் வர்த்தக அமைச்சகம். மழை வருமா என்று சொல்லும் வானிலை ஆய்வு மையம் புவி அறிவியல் அமைச்சகம். புயலோ வெள்ளமோ வந்து பயிர் போனால் பேரிடர் விவகாரம் உள்துறையில். மழையே வராமல் வறட்சியில் போனால் அது வேளாண் அமைச்சகத்தில். கஜா புயலின் போது எங்கள் பக்கத்தில் பலர் இந்த வேறுபாடு தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே முகவரிக்கு அனுப்பினார்கள். 

உரத்தைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேனே, அதிலும் ஒரு நுணுக்கம் பாக்கி இருக்கிறது. இந்தப் பருவத்துக்குத் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு உரம் தேவை என்று கணக்கிடுவது வேளாண் அமைச்சகம். அதை அனுப்பிவைப்பது உரத் துறை. உரம் கலப்படம் என்றால் உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985 பேசும். அது மறுபடியும் வேளாண்மைப் பக்கம், ஆய்வு செய்பவர் மாநில வேளாண் அதிகாரி. இல்லை என்றால் ஒரு கதவு, கெட்டது என்றால் இன்னொரு கதவு.

ஒரு மா நிலத்துக்கு அடியில்

டெல்டாவில் இதைவிட முக்கியமான பாடம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. 2010-இல் மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போடப்பட்டது. அது பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு அமைச்சக விவகாரம். 2023-இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் வந்தன. அது நிலக்கரி அமைச்சகம். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மூன்றையும் அந்த அமைச்சகமே பட்டியலிலிருந்து நீக்கியது. ஒரே படுகையில் நிலக்கரியும் அதனுள் வாயுவும் இருக்கலாம். திடமாக வெட்டி எடுத்தால் ஓர் அமைச்சர், வாயுவாக உறிஞ்சினால் வேறு அமைச்சர். இரண்டுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தருவது மூன்றாவது அமைச்சகம். ஆற்று மணலை அள்ளினால் அது சிறு கனிமம், மாநில அரசு. எண்ணெய், எரிவாயு எடுப்பது போன்ற புதிய தொழில்களுக்கு இங்கே இடம் கொடுக்காதே என்று 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போட்டதும் மாநிலம்.

மீத்தேன் எதிர்ப்புக் கூட்டத்தில் நிறைவேற்றிய தீர்மானத்தை நிலக்கரி அமைச்சருக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். இப்படிப்பட்ட விஷயத்தில் ஒரே மனுவில் எல்லாவற்றையும் கொட்டாமல், பெட்ரோலியத்துக்கு ஒன்று, சுற்றுச்சூழலுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். வேலை அதிகம்தான்.

இந்தப் பிரிவினை எங்கே எழுதியிருக்கிறது?

அமைச்சர்கள் தங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொள்வதில்லை. அரசியலமைப்பின் 77-ஆம் பிரிவின்படி அலுவல் பகிர்வு விதிகள் என்று ஒன்று இருக்கிறது. 1961 ஜனவரி 14 தேதியிட்டது; அதுவும் பொங்கல் சமயம்தான். முதல் அட்டவணையில் அமைச்சகங்கள், துறைகளின் பெயர்கள். இரண்டாவது அட்டவணையில் ஒவ்வொரு துறைக்கும் உரிய விஷயங்கள் வரிசை எண்ணோடு. அமைச்சரவைச் செயலகத்தின் இணையதளத்தில் கிடைக்கும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருப்பதால் கல்லூரிக்குப் போகும் பிள்ளை யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் படிக்க வேண்டாம். உங்கள் விஷயத்துக்கான சொல்லைத் தேடினால் போதும். எந்த அமைச்சருக்கு எந்த இலாகா என்பது பிரதமரின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் உத்தரவாக வரும். இந்த விதிகளும் அவ்வப்போது திருத்தப்படும். நீர்வளமும் குடிநீரும் 2019-இல் சேர்ந்து ஜல்சக்தி ஆயின. கூட்டுறவுக்குத் தனி அமைச்சகம் 2021 ஜூலையில் வந்தது. பழைய கையேட்டைப் பார்த்து எழுதினால் இல்லாத அமைச்சகத்துக்கு மனு போகும்.

சுதந்திரம் வந்த புதிதில் மத்திய அரசின் துறைகளை எப்படி அடுக்குவது என்று 1949-இல் ஓர் அறிக்கை கொடுத்தவர் கோபாலசாமி ஐயங்கார். பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவர். அமைச்சர்களைத் தட்டுத் தட்டாகப் பிரிக்கும் ஏற்பாடு அந்த வழியில்தான் வந்தது.

மூன்று தட்டு

கேபினட் அமைச்சர் மேல் தட்டு. அமைச்சரவைக் கூட்டத்தில் உட்காருபவர். தனிப் பொறுப்புள்ள இணை அமைச்சர் அடுத்தவர். தலைக்கு மேல் கேபினட் அமைச்சர் கிடையாது, தன் இலாகாவுக்குத் தானே தலைவர், ஆனால் அழைத்தால்தான் அமைச்சரவைக் கூட்டத்துக்குப் போவார். வெறும் இணை அமைச்சர் மூன்றாம் தட்டு. கேபினட் அமைச்சரின் கீழ், அவர் பிரித்துக் கொடுக்கும் வேலையைப் பார்ப்பார். 2024 ஜூன் 9 அன்று பிரதமரையும் சேர்த்து 72 பேர் பதவியேற்றார்கள்: அவரைத் தவிர 30 கேபினட், 5 தனிப் பொறுப்பு, 36 இணை அமைச்சர்கள். மக்களவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2003-இல் 91-ஆவது திருத்தம் கட்டுப்படுத்தியது. 543-க்கு 81 பேர்தான் உச்சம்.

நம் ஊர்க்காரர் இணை அமைச்சராகிவிட்டால் எல்லா மனுவையும் அவரிடமே கொடுப்பது நம் வழக்கம். கொடுங்கள், தவறில்லை, அவர் வேறு துறைக்கு எழுதும் பரிந்துரைக் கடிதத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் கோப்பு நகர்வது அங்கே அல்ல. ஒருவரே இரண்டு அமைச்சகம் வைத்திருக்கும் நிலையும் உண்டு. 2004-இல் மயிலாடுதுறை எம்பி மணிசங்கர் ஐயர் பெட்ரோலிய அமைச்சராகவும், அப்போதுதான் உருவான பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் முதல் அமைச்சராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். எண்ணெய்க் கிணற்று மனுவும் ஊராட்சி மனுவும் ஒரே பெயருக்கு, ஆனால் இரண்டு வெவ்வேறு அலுவலகங்களுக்கு. அதனால்தான் உறையின் மேல் ஆளின் பெயரை எழுதாதீர்கள் என்று சொல்கிறேன். பதவியையும் அமைச்சகத்தையும் எழுதுங்கள். இலாகா மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடும்.

பொறுப்பு என்பதற்கு நம் பக்கத்தில் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூரில், 1956 நவம்பரில், வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் போய் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாலத்தை அவர் கட்டவில்லை, ரயிலையும் அவர் ஓட்டவில்லை. துறையில் நடந்ததற்குத் தலைவர் பதில் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் அது. இன்று ரயில் விபத்தை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் யாருக்குக் கீழே தெரியுமா? விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு. தன் வீட்டுத் திருட்டைத் தானே விசாரிக்கக் கூடாது என்ற நல்ல யோசனை. எனக்கு இந்தப் பிரிவினையிலேயே மிகவும் பிடித்த வரி இது.

தனி அமைச்சர் தனியாக முடிவெடுப்பது குறைவு. செலவு இருந்தால் நிதி அமைச்சகம் சம்மதிக்க வேண்டும். சட்டம் இருந்தால் சட்டத் துறை பார்க்கும். பெரிய விஷயம் அமைச்சரவைக்குப் போகும். முடிவான பிறகு எல்லா அமைச்சரும் சேர்ந்து மக்களவைக்குப் பொறுப்பு. 75-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 'என் அமைச்சகம் ஒப்புக்கொண்டது, நிதிதான் தடுத்தது' என்று எந்த அமைச்சரும் வெளிப்படையாகச் சொல்ல முடியாது. உங்கள் மனு எங்கே தங்கியிருக்கிறது என்று உங்களுக்குச் சீக்கிரம் தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுதும்போது

தமிழிலேயே எழுதுங்கள். குறை தீர்க்க மனு கொடுப்பவர் ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று 350-ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆங்கில நகல் ஒன்றை இணைத்தால் கோப்பு வேகமாகப் போகும்; அது அனுபவம்.

ஒரு மனுவில் ஒரு விஷயம். முதல் பத்தியிலேயே ஊர், வட்டம், தேதி, என்ன வேண்டும் என்பது வந்துவிட வேண்டும். சோழ நாடு சோறுடைத்து என்று தொடங்காதீர்கள். நானும் அப்படித் தொடங்கியவன்தான். அமைச்சருக்கு ஒன்று, அந்தத் துறையின் செயலாளருக்கு ஒன்று. ஒரே அமைச்சகத்தில் இரண்டு மூன்று துறைகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிச் செயலாளர். துறையின் பெயர் சரியாக இருந்தால்தான் சரியான பிரிவு அலுவலரின் மேசைக்கு இறங்கும்.

இணையத்தில் அனுப்புவதானால் சிபிகிராம்ஸ் என்ற குறைதீர்ப்புத் தளம் இருக்கிறது. அது முதலிலேயே அமைச்சகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் அந்த ஒரு சொடுக்குக்காகத்தான். 2024-இலிருந்து 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பதில் திருப்தி இல்லை என்றால் அங்கேயே மேல்முறையீடு செய்யலாம். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காவிரி பற்றி எழுதுபவர்கள் கவனிக்கவும்.

எந்தத் துறை என்று கடைசிவரை பிடிபடவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு கேள்வி போடுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனாலும், 6(3) பிரிவின்படி அவர்கள் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி, அதை உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் சரியான துறையின் பெயர் இருக்கும். பத்து ரூபாய்க்கு முகவரி கிடைத்துவிடும்.

எம்பியிடம் போனால் 'ஏதாவது செய்யுங்கள் ஐயா' என்று சொல்லாதீர்கள். இந்த அமைச்சகத்திடம் இந்தக் கேள்வி என்று எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் கேள்வி நேரத்தில் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறது. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், நாளைக்கு 20 கேள்விதான். பதினைந்து நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும் என்பதால், கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எதுவோ உங்கள் தொகுதி, அங்கே அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

ஸ்பீடு போஸ்ட் ரசீதை மனுவின் நகலோடு குத்தி வையுங்கள். பதில் வந்தால் அதன் மேல் இடது ஓரத்தில் ஒரு நீண்ட கோப்பு எண் இருக்கும். அடுத்த கடிதத்தை அந்த எண்ணோடு தொடங்குங்கள். யூரியா மனுவுக்கு வந்த அந்த இரண்டு வரிப் பதிலிலும் அப்படி ஓர் எண் இருந்தது. அதைச் சொல்லி உரத் துறைக்கு எழுதினேன். பதில் பங்குனியில் வந்தது. அப்போது வயலில் உளுந்து காய்த்திருந்தது.